மொட்டை மாடியில் எல்.இ.டி. திரை: 'அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்கிறார்களா?

கேள்வி: திருச்சி தஞ்சாவூர் ரோட்டில், திருவெறும்பூர் பக்கம், ரோட்டைப் பார்த்த மாதிரி எங்களுக்கு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், மேலே குடியிருக்கிறோம். ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர் வந்து, மொட்டை மாடியில் 20க்கு 10 அடி எல்.இ.டி. திரை வைக்கிறோம், மாதம் 18,000 வாடகை, ஐந்து வருஷ ஒப்பந்தம், அனுமதியெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். நம்ம இடம், நம்ம மாடி, இதற்கு மாநகராட்சி அனுமதி எதற்கு என்று என் தம்பி கேட்கிறான். இன்னொன்று, என் கடைக்கே ஓடும் எழுத்து போர்டு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா? ரோட்டோரம் நான் வைத்திருந்த தள்ளுபடி போர்டை மாநகராட்சி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது, ஒரு நோட்டீஸ்கூட இல்லை. திரும்ப வாங்க முடியுமா சார்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்:

கையெழுத்து இன்னும் போடவில்லை என்றால் போடாதீர்கள் அம்மா. முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் தொடாமல் வையுங்கள். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சும்மா கிடக்கிற மொட்டை மாடிக்கு மாதம் 18,000 வருவது நல்ல காசுதான். ஆனால் 'அனுமதியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்ற அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று ஏஜென்சிக்காரரிடம் காகிதமாகக் கேட்டு வாங்காமல் ஒப்பந்தப் பத்திரத்தைத் தொடக்கூடாது. நான் வழக்கறிஞர் இல்லை, கட்டட வடிவமைப்புப் பொறியாளர். போர்டு ஃபிரேமுக்கு உறுதிச் சான்று கேட்டு வருகிறவர்களைத் தொழில்முறையில் பார்க்கிறவன். 'சார், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, நேர்ல வரவே வேண்டாம்' என்று கேட்கிறவர்கள் அதில் நிறையப் பேர். அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள், அதுதான் கவலை.

முதலில் உங்கள் தம்பி கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்ட இதே கேள்வியைச் சென்னையில் விளம்பர நிறுவனங்களே கோர்ட்டில் கேட்டுப் பார்த்துவிட்டன. தனியார் இடம், உரிமையாளர் சம்மதம் இருக்கிறது, அரசாங்க உரிமம் எதற்கு என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2008இல் தீர்ப்பு வந்தது, தனியார் இடத்துப் போர்டுக்கும் உரிமம் கேட்கும் விதிகள் செல்லும் என்று. யோசித்துப் பார்த்தால் நியாயமும் அதுதான். போர்டு நிற்பது உங்கள் மாடியில், ஆனால் அது கூப்பிடுவது ரோட்டில் போகிற ஆளை. ரோட்டிலிருந்து தெரியாத போர்டுக்கு யாராவது 18,000 ரூபாய் வாடகை கொடுப்பார்களா? அந்த வாடகையே ரோட்டுக்காகத்தான், அதனால் ரோட்டைக் காப்பாற்ற வேண்டியவர்கள் கேள்வி கேட்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இப்போது பொருந்துவது 1998ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன் கீழ் வந்த 2023ஆம் வருஷத்து விதிகளும். பல வருஷம் கிடப்பில் கிடந்த சட்டம் அது, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. அதுவரை சென்னைக்கு 1919ஆம் வருஷத்துச் சட்டம், மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு 1920ஆம் வருஷத்துச் சட்டம் என்று ஆளுக்கொன்றாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏஜென்சிக்காரர் ஃபைலில் பழைய சட்டத்துக் காலத்து உத்தரவு நகல்கள் இருக்கும், கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு கம்பீரமாகவும் இருக்கும். அதைக் காட்டி 'பாருங்க, எங்ககிட்ட பர்மிஷன் இருக்கு' என்பார். முன்பு கலெக்டர் கையிலிருந்த வேலை இப்போது ஆணையர் கையில். உங்களுக்கு வேண்டியது உங்கள் கட்டடத்து முகவரி போட்டு, இந்த அளவு, இந்தத் திசை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று மாநகராட்சி ஆணையர் கொடுத்த உரிமம். வேறு ஊருக்கு வாங்கியதோ, ஃபிளெக்ஸ் போர்டுக்கு வாங்கியதோ உங்கள் மாடியில் நிற்கிற எல்.இ.டி. திரைக்குச் செல்லாது.

அனுமதி இல்லாமல் வைத்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் போர்டு ஃபிரேமில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது சூறைக்காற்று அடித்து இரும்புச் சட்டம் மொத்தமும் சரிந்தது, மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அதற்கடுத்த சில நாட்களில் அரசு சொன்னது இதுதான்: உரிமம் இல்லாமல் விளம்பரப் பலகை வைத்தால் 3 வருஷம் வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், விபத்து நடந்தால் வைத்த நிறுவனத்தோடு நில உரிமையாளரும் பொறுப்பு. இதில் கடைசி இரண்டு வார்த்தையை உங்கள் தம்பியிடம் வாசித்துக் காட்டுங்கள். ஏஜென்சிக்காரர் போனை அணைத்து வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போகலாம், உங்கள் கட்டடம் எங்கும் போகாது. போலீஸ் முதலில் வந்து நிற்கப்போவது உங்கள் கடை வாசலில்தான்.

அடுத்தது ரோடு. உங்கள் வாசலில் ஓடுவது மாநகராட்சி ரோடு இல்லை, தேசிய நெடுஞ்சாலை. நெடுஞ்சாலைக்குச் சொந்தமான நிலத்தின் எல்லைக்குள் தனியார் விளம்பரத்துக்கு இடமே கிடையாது. எல்லைக்கு வெளியே உங்கள் பட்டாவில் இருந்தாலும், போக்குவரத்துக்கு ஆபத்தா என்று பார்க்கும்போது அதிகாரிகள் எடுத்து வைப்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 46, 1972ஆம் வருஷத்துக் கையேடு. அதன்படி ரோடு சந்திப்பு, பாலம் இவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது, நகரத்துக்குள் என்றால் 50 மீட்டர். வண்டி ஓடும் தார் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் கூடாது. அரசு வைத்த சாலைக்குறியிலிருந்து ரோட்டு வாக்கில் 50 மீட்டருக்குள் கூடாது. அது வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லையே என்பார் ஏஜென்சிக்காரர். வாஸ்தவம். ஆனால் போக்குவரத்துப் போலீஸும் நெடுஞ்சாலைத் துறையும் தடையின்மைச் சான்று கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும்போது கையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். நாளைக்கே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் தார் விளிம்பிலிருந்து உங்கள் கட்டடத்து முன்சுவர் வரை அளந்து பாருங்கள். 10 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 33 அடி. அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் அது தேறுவது கஷ்டம் என்று நினைக்கிறேன். அப்புறம் உங்கள் ரோட்டோடு பால்பண்ணை - துவாக்குடி சர்வீஸ் ரோடு போடுகிற விவகாரம் உங்களுக்கே தெரியும், வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. ரோடு அகலமானால் இப்போது எல்லைக்கு வெளியே இருக்கிற இடம் நாளைக்கு எல்லைக்குள் வந்துவிடும். ஐந்து வருஷ ஒப்பந்தம் போடுகிறவர் அதை யோசிக்க வேண்டாமா?

இதுவரை சொன்னது எல்லா போர்டுக்கும் பொது. எல்.இ.டி. என்று வரும்போது தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபிளெக்ஸ் போர்டு சும்மா நிற்கும், பார்த்தால் பார்க்கலாம், விட்டால் விடலாம். எல்.இ.டி. திரை அப்படியில்லை, மாறிக்கொண்டே இருப்பதால் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அதற்கு அந்த விலை. அமெரிக்காவில் 100 கார்களில் கேமராவும் கருவியும் பொருத்தி ஒரு வருஷம் ஓடவிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள், 2006இல் முடிவு வெளிவந்தது. ஓட்டுகிறவர் கண் ரோட்டை விட்டு இரண்டு விநாடிக்கு மேல் விலகினால் விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி இரண்டு விநாடியில் 33 மீட்டர் போய்விடும். தஞ்சாவூர் ரோட்டில் 33 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே வருவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஐ.ஆர்.சி. கையேடு 1972லேயே மின்னி மின்னி எரியும், விட்டு விட்டு எரியும், நகரும் விளக்கு விளம்பரங்களை ஆட்சேபத்துக்குரியவை என்று தள்ளிவிட்டது. நேரம், தட்பவெப்பம், தேதி மாதிரி பொதுத் தகவல் காட்டுவதற்கு மட்டும் விலக்கு. எல்.இ.டி. திரை என்று ஒன்று வரும் என்று தெரியாத காலத்தில் எழுதியது, ஆனால் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. இது போக மோட்டார் வாகனச் சட்டம் 116ஆம் பிரிவு இருக்கிறது. சாலைக்குறியை மறைக்கிற, சாலைக்குறி மாதிரியே இருந்து குழப்புகிற, ஓட்டுநர் கவனத்தைச் சிதறடிக்கிற விளம்பரத்தை எடுத்துவிட அது அதிகாரம் கொடுக்கிறது. ஆக, மாநகராட்சி உரிமம் கையில் இருந்தாலும் நாளைக்கு உங்கள் வாசலில் இரண்டு விபத்து நடந்து யாராவது மனுக் கொடுத்தால் திரையை அணைக்கச் சொல்ல வழி இருக்கிறது.

ஏஜென்சிக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ராத்திரி வெளிச்சத்தை எவ்வளவுக்குக் குறைப்பீர்கள்? வெளியில் வைக்கிற திரை நடுப்பகல் வெயிலிலும் தெரிய வேண்டும் என்பதற்காக 5,000 நிட்ஸுக்கு (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் பளிச்சென்று இருக்கும். அதே வெளிச்சத்தோடு ராத்திரி எட்டு மணிக்கு எரிந்தால் எதிரே வருகிற பைக்காரருக்கு ஒரு நொடி ஒன்றுமே தெரியாது. இருட்டினால் சில நூறு நிட்ஸுக்கு இறக்கிவிட வேண்டும். அதற்குச் சென்சார் உண்டு, வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தானே குறைத்துக்கொள்ளும். விலை குறைவான திரையில் அது இருக்காது, அல்லது இருக்கும், ஆனால் இணைப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் படுக்கையறைக்குள் ராத்திரி பதினோரு மணிக்குச் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி அடித்தால் அவர் சும்மா இருப்பாரா? பொதுத்தொல்லை என்று புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனுக் கொடுக்கலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்ததே, அதுதான். சண்டை வரப்போவது ஏஜென்சிக்காரரோடு இல்லை, உங்களோடு.

சரி, என் வேலைக்கு வருகிறேன். 20க்கு 10 என்றால் 200 சதுர அடி, ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். திரை, ஃபிரேம் எல்லாம் சேர்த்து ஒரு டன் வரலாம், அந்த எடையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், 'மாடி தாங்குமா சார்' என்று. எடை பெரிய விஷயம் இல்லை, தண்ணீர் டேங்க் அதைவிட அதிகம். விஷயம் காற்று. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். மதுரைக்கும் கோவைக்கும் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50, திருச்சிக்கு 47. கடற்கரை ஊர் இல்லையே என்று நினைக்காதீர்கள், 47 என்பது சென்னைக்குக் கொஞ்சம்தான் கீழே. அந்த வேகத்தில் காற்று அடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிலோ அழுத்தம். உங்கள் திரை முழுவதற்கும் கணக்குப் போட்டால் இரண்டரை டன். தட்டையான போர்டு என்பதால் வடிவக் குணகம் என்று ஒன்று சேரும், அது இன்னும் கூட்டும். இந்த இரண்டரை டன்னும் கீழ்நோக்கி இல்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் ஃபிளெக்ஸ் போர்டில் துணியைக் கிழித்துவிடுவார்கள், காற்று ஊடே போய்விடும், இரும்பு தப்பிக்கும். எல்.இ.டி. திரையில் எதைக் கிழிப்பது? சுவர் மாதிரி நின்று மொத்தக் காற்றையும் வாங்கியே ஆக வேண்டும்.

இந்த விசையைத் தாங்க ஃபிரேமின் காலை எங்கே ஊன்றுகிறார்கள் என்பதுதான் முக்கியம். வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், மொட்டை மாடித் தளத்தில் எங்கே வசதியோ அங்கே துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்து, பின்பக்கம் இரண்டு சாய்வுச் சட்டத்தை வெல்டு வைத்துக் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். கைப்பிடிச் சுவர் என்பது நாலரை இஞ்ச் செங்கல் சுவர், குழந்தை விழாமல் இருக்கக் கட்டியது, அதற்கு இந்த வேலை தெரியாது. தளத்துத் துளை வழியாகத் தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கும், முதல் ஐப்பசி மழையிலேயே உங்கள் படுக்கையறை மேல்தளத்தில் ஈரம் தெரியும், ரெண்டாவது வருஷம் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் பெயர்ந்து விழும். கால் ஊன்ற வேண்டிய இடம் பில்லர் மேலே. கீழே அஸ்திவாரம் வரை போகிற பில்லரில் கம்பியோடு சேர்த்து அடித்தளம் போட்டு அதில் நிறுத்த வேண்டும். அதற்கு உங்கள் கட்டடத்தின் கட்டமைப்பு வரைபடம் வேண்டும், பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். வராமல் கொடுத்த உறுதிச் சான்று வெறும் காகிதம்தான்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்ததே, 17 பேர் இறந்தார்கள், அந்தப் போர்டு 120க்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கிற பெரிய அளவே 40க்கு 40 அடிதான். உங்கள் போர்டு அதோடு ஒப்பிட்டால் சின்னது, அந்த அளவுக்குப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் அங்கே நின்றதும் வேறொருவர் இடத்தில் ஏஜென்சி வைத்த போர்டுதான்.

இன்னொரு சங்கடமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டடமே அனுமதி வரைபடப்படிதான் இருக்கிறதா? மேல்மாடி பின்னால் சேர்த்துக் கட்டியதா, முன்பக்கம் விட வேண்டிய இடத்தில் ஷட்டர் போட்டு இழுத்திருக்கிறீர்களா? போர்டுக்கு விண்ணப்பம் போனால் நகரமைப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், பார்க்கிறவர் மாடியை மட்டும் பார்க்க மாட்டார். 18,000 வாடகைக்காகப் போய் விதிமீறல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இதெல்லாம் கேட்ட பிறகும் செய்யலாம் என்று தோன்றினால், அந்த 10 மீட்டரும் தேறினால், ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு இவற்றையெல்லாம் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். உரிமத்தின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஒரு கம்பிகூட மாடி ஏற வேண்டும், 'அப்ளை பண்ணியாச்சு, வந்துடும்' என்பதற்கெல்லாம் இடம் கொடுக்காதீர்கள். உரிமம் காலாவதியான அன்றே திரை அணைய வேண்டும். மூன்றாம் நபருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீட்டுப் பாலிசியில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்த நகல் வர வேண்டும். அரசோ கோர்ட்டோ எடுக்கச் சொன்னால் ஏஜென்சி தன் செலவில் எடுத்து, தளத்தைப் பழையபடி சரி செய்து தர வேண்டும். இதைச் சும்மா சொல்லவில்லை, பெங்களூரில் 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சாட்டையைச் சுழற்றியதும் நகரம் முழுக்கப் போர்டுகளை இறக்கினார்கள், அப்போது கட்டட உரிமையாளரின் ஐந்து வருஷக் கணக்கெல்லாம் எங்கே போனது? என்ன ஓட்டலாம் என்பதும் எழுத்தில் வர வேண்டும். புகையிலை, மது, ஆன்லைன் சூதாட்டம் கூடாது, கட்சி விளம்பரம் கூடாது. கட்சி விளம்பரம் சட்டவிரோதம் என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு கட்சிக்கு ஓட்டிவிட்டு அந்த ஏரியாவில் ஜவுளிக்கடை நடத்துவது உங்களுக்குத் தேவையா?

மின்சாரம் மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து ஒரு வயர் எடுத்துத் தருகிறீர்களா, யூனிட்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். தரவே கூடாது. வீட்டு இணைப்பில் வணிகத் திரை ஓடினால் மின்சாரச் சட்டம் 2003, 126ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு என்று இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், எப்போதிலிருந்து ஓடுகிறது என்று தெரியவில்லை என்றால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. ஏஜென்சி தன் பெயரில் தனி இணைப்பு வாங்கட்டும். ஜி.எஸ்.டி. பற்றி உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்கள் பதிவு செய்யாதவர், ஏஜென்சி பதிவு செய்தவர் என்றால் 2024 அக்டோபரிலிருந்து வணிக வாடகைக்கான வரியை அவர்களே கட்ட வேண்டும்.

ஏஜென்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. திருச்சிக்குள் அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற இரண்டு மூன்று போர்டுகளின் இடத்தைக் கேளுங்கள். நேரில் போய்ப் பாருங்கள், போர்டில் உரிம எண் எழுதியிருக்கிறதா என்று. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில், பத்து ரூபாய் கோர்ட்ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இன்ன முகவரியில் உள்ள விளம்பரப் பலகைக்கு உரிமம் வழங்கப்பட்டுள்ளதா, வழங்கப்பட்டிருந்தால் உத்தரவு நகலும் கட்டமைப்பு உறுதிச் சான்று நகலும் தருக' என்று எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்த 30 நாள் ஏஜென்சிக்காரரால் பொறுக்க முடியவில்லை, வேறு மாடி பார்த்துக்கொள்கிறேன் என்றால், போகட்டும், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இனி உங்கள் கடை போர்டு. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. கடைப் பெயரும் தொழிலும் எழுதி அந்தக் கடைச் சுவரிலேயே மாட்டுகிற பெயர்ப்பலகையும், யாரோ ஒருவர் சரக்கை விற்க வைக்கிற விளம்பரப் பலகையும் ஒன்றில்லை. பழைய நகராட்சிச் சட்டங்களில் விளம்பர வரி இருந்த காலத்திலேயே, அந்தக் கட்டடத்துக்குள் நடக்கிற தொழிலைப் பற்றிய போர்டுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மூன்று விஷயத்தில் ஜாக்கிரதை. சுவரோடு ஒட்டி இருக்கட்டும், நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு வர வேண்டாம். கூரைக்கு மேலே தூக்கி நிறுத்த வேண்டாம், மேலே போனால் மறுபடி காற்று, ஃபிரேம், சான்று என்று நான் மேலே சொன்ன கதைக்குள் வந்துவிடுவீர்கள். மூன்றாவது, இலவச போர்டு. பனியன் கம்பெனியோ புடவைக் கம்பெனியோ 'உங்க கடைக்கு நாங்களே லைட் போர்டு போட்டுத் தர்றோம்' என்று வருவார்கள், அவர்கள் பெயர் நாலடியில், உங்கள் கடைப் பெயர் ஓரத்தில் நாலு இஞ்சில். அதைப் பெயர்ப்பலகை என்று எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. எதற்கும் நீங்கள் வாங்கப்போகும் போர்டின் அளவையும் மாட்டுகிற இடத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து மண்டல அலுவலகத்தில் காட்டிவிட்டு மாட்டுங்கள்.

ஓடும் எழுத்து போர்டு என்றால் அநேகமாக உங்களுக்குக் காட்டியது பி10 ரகமாக இருக்கும், புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி, பத்து மீட்டர் தள்ளி நின்றால்தான் எழுத்து சேர்ந்து தெரியும். கடை வாசலுக்கு வந்து நிற்கிறவருக்கு அது வெறும் சிவப்புப் புள்ளிகள்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குத்தான் பிரயோஜனம். வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் 'கொள்முதல்', 'பெண்கள்', 'சௌபாக்கியா' மூன்றையும் அடித்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மலிவான போர்டுகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து ஓடும், ஊரே பார்த்துச் சிரிக்கும். எழுத்தாக ஏற்றாமல் படமாக ஏற்றினால் சரியாக வரும், அதைச் செய்து தரத் தெரிந்த ஆளா என்று பாருங்கள். கடையின் நிரந்தரப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிப்படி கட்டாயம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று கேட்பார்கள். ஓடும் போர்டில் தமிழ் வருகிறதே என்று சொல்லிப் பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், வேகத்தையும். சைரன் மாதிரி சிவப்பு-நீலம் மினுக்க வேண்டாம்.

கடைசியாக, தூக்கிக்கொண்டு போன போர்டு. ரோட்டோரம் உங்கள் இடம் இல்லை, அங்கே போர்டு வைக்க நமக்கு உரிமை எதுவும் கிடையாது, அதனால் நோட்டீஸ் கேட்டுச் சண்டை போட்டாலும் நிற்காது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல்தான் விட்டார்கள், டிராபிக் ராமசாமி போன்றவர்கள் தனியாளாக ரோட்டில் இறங்கிப் பேனரைக் கிழித்துக்கொண்டும் கோர்ட்டில் நின்றுகொண்டும் இருந்தார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சென்டர் மீடியனில் கட்டியிருந்த கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு எந்த ஊர் அதிகாரியும் ரோட்டோரப் போர்டை விட்டு வைத்து, நாளைக்கு ஒன்று ஆனால் கோர்ட்டில் கைகட்டி நிற்கத் தயாராக இல்லை. பெரிய கட்சிப் பேனரைத் தொடாமல் உங்கள் தள்ளுபடி போர்டை மட்டும் தூக்குகிறார்களே என்று கேட்டால், அந்தக் கோபம் நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மண்டல அலுவலகத்தில் ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுத்தால் சில சமயம் தருகிறார்கள். அபராதம் கட்டி எடுத்துப் போங்கள் என்றால் விட்டுவிடுங்கள், ஃபிளெக்ஸும் ஃபிரேமும் புதிதாகப் போட்டால் அதைவிடச் சல்லிசாக முடியும். புதிதாகப் போடுவதைக் கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டுங்கள்.